கிண்ணம் செக்ரட்டரியும் பூட்டிய வீடும்

உயிரோடு இருப்பதைத் தினமும் ஒருவரிடம் நிரூபித்துக் காட்ட வேண்டிய தெரு, இந்தியாவிலேயே எங்கள் தெரு ஒன்றுதான். அந்த ஒருவர், விருத்தாசலம் செராமிக் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நகரின் நலச்சங்கச் செயலாளர். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கிண்ணம் செக்ரட்டரி என்றால் பஸ் ஸ்டாண்டு வரை தெரியும்.

பட்டறையில் சூளை பிரித்ததும் பாத்திரங்களில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்ப்பது அவர் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். கோணிப்போன பீங்கான் கிண்ணங்களைக் கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு கேட்டில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கரண்டியோடு வந்து கேட்டில் தொங்கும் கிண்ணத்தைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். தெரு முழுக்க ணங், ணங் என்று அந்தச் சத்தம் நெருங்கி வரும்போது நாய்கள்கூடக் குரைக்காது.

வாட்ஸப்பில் சொன்னால் போதாதா என்று கேட்டேன்.

"பொணத்தோட போன்லேர்ந்துகூட யாராவது கட்டைவிரல் காட்டலாங்க," என்றார்.

இதைவிடப் பயமுறுத்தியது அவர் பூட்டிய வீடுகளையும் தட்டியதுதான். தட்டுவார், தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். பிறகு யாரோ பதில் சொன்னதுபோல, "சரிங்க, போயிட்டு வரேன்" என்று விடைபெறுவார். என் மனைவி அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

சங்கத்தால் லாபமும் உண்டு. சாக்கடை ஓடியது, தெருவிளக்கு எரிந்தது. ஆனால் கேட்டுக்கு என்ன வர்ணம், துணியை எந்தப் பக்கம் காயப்போடுவது என்று எல்லாவற்றுக்கும் விதி. கூட்டிக் கழித்துப் பார்த்து, சங்கத்தையே கலைத்துவிடலாம் என்று ஒரு மாலை தெருமுனையில் கூடினோம். நான்தான் முதலில் பேசினேன். பாதிப் பேச்சில் செக்ரட்டரி எழுந்து கரண்டியை எடுத்தார். ரவுண்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

முதல் வீடு டீச்சருடையது. தனியாக வசிப்பவர், கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வாசலில் பூட்டு தொங்கியது. செக்ரட்டரி தட்டினார், தலையைச் சாய்த்தார்.

உள்ளேயிருந்து, மெல்ல, ணங் என்றது.

கூட்டம் மொத்தமும் ஓரடி பின்வாங்கியது. காற்றாக இருக்கும் என்று எப்படியோ சொன்னேன்.

"காத்து நம்ம சங்கத்துல மெம்பர் இல்லீங்க. டீச்சர்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைப்பக்கம் நடந்தார்.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. மதிய பஸ்ஸில் வந்த டீச்சர் அந்த வழியாக உள்ளே வந்து, கூடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து கிடந்தார். விழும்போது பிடித்த கயிற்றோடு கிண்ணமும் அறுந்து மடியில் விழுந்திருக்கிறது. வளையலால் அதைத்தான் தட்டியிருக்கிறார்.

"கத்த முடியலீங்க. நீங்க பூட்டுன வூட்டையும் தட்டுவீங்கன்னு தெரியும். அதான் காத்துக்கிட்டு கெடந்தேன்," என்றார்.

டீச்சர் பிழைத்தார். சங்கமும் பிழைத்தது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை தெருவில் சத்தமே இல்லை. மழைக்காக வரவில்லை போலும் என்று அவரவர் வீட்டில் நிம்மதியாக டீ குடித்தோம். மறுநாள்தான் போய்ப் பார்த்தோம். நாற்காலியில் சாய்ந்து, கரண்டியைக் கையில் பிடித்தபடியே போயிருந்தார். ஊருக்கெல்லாம் மாட்டியவர் வீட்டில் ஒரு கிண்ணம்கூட இல்லை. அவரைத் தட்டிப் பார்க்க யாருமில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்தக் கரண்டி என்னிடம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் அவர் வீட்டிலும் கிண்ணம் மாட்டியிருக்கிறோம். அங்கே தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்கிறேன். பதில் வந்தால் எடுப்பேன் ஓட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மற்ற வீடுகளைவிட அங்கேதான் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறேன்.