அஸ்வதி வரைந்த மத்தியான உறக்கம்

அன்புள்ள சிவதாணு அத்தானுக்கு,

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து மைத்துனன் கோலப்பன் வணங்கி எழுதுவது. இங்கே உடம்பும் பலசரக்குக் கடையும் ஒருவாறு ஓடுகின்றன. அங்கே அக்காவின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான், பேசினால் என் வீட்டுக்காரி பிரேமா அடுத்த அறையிலிருந்து திருத்தம் சொல்லுவாள். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் அஸ்வதி கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் படம் வரைய உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். நேற்று வழுதக்காட்டில் ஒரு ஓவியக் கேலரியில் அவள் படங்களுக்குத் திறப்பு விழா. என்ன படம் என்று கேட்டதற்கு, வந்து பாருங்கள் என்றாள். கொஞ்ச நாளாக மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்துவிட்டு அவள் கடையிலேயே இருந்துவிடுவாள். தொழில் படிக்கிறாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். மகளுடைய விழா அல்லவா, கரைவேட்டி கட்டி, கடைத்தெரு வியாபாரிகள் அத்தனை பேரையும் அழைத்து, சந்தனமும் கல்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றேன். உள்ளே போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போனார்கள். கல்கண்டு பிடித்துப்போய் வருகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொடுத்தேன்.

கடைசியில் நானும் போய்ப் பார்த்தால், அத்தான், சுவர் முழுக்க நான். எல்லாவற்றிலும் உறங்குகிறேன். மூட்டைமேல் சாய்ந்து ஒன்று, கல்லாவில் தலையை வைத்து ஒன்று, வாயைத் திறந்தபடி ஒன்று. அந்த வாய் திறந்த படம் வாசல்கதவு அளவு. எதிலும் சட்டை இல்லை. மத்தியானம் நான் கண்ணை மூடுவதே இல்லை, வியாபாரம் அப்படி என்று கல்யாணமான நாளிலிருந்து பிரேமாவிடம் சொல்லிவருகிறேன். அவள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிதானமாக நின்று பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை. அதற்குள் நம்மிடம் சரக்கு எடுக்கிற பிச்சைக்கனி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பெரிய படத்தை நெருங்கிவிட்டார். எனக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளில் எழுதியிருந்ததைக்கூட அஸ்வதி விடாமல் வரைந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, ஓணத்துக்கு மல்லி ஸ்டாக்கே இல்லன்னு சொன்னீயளே. இந்தா கெடக்குல்லா" என்றார்.

கலை வேறு, வியாபாரம் வேறு என்று விளக்கினேன். அவர் மூட்டைகளை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அது முடியுமுன் ஷிஜி என்று ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். நின்றேன். கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். "அங்கிள், வாய் குறச்சுகூடி தொறக்காமோ" என்றாள். வாயையும் இன்னும் கொஞ்சம் திறந்தேன். மகளுடைய விழாவில் முரண்டு பிடிக்கக் கூடாதே.

பிறகு அஸ்வதி மைக்கைப் பிடித்தாள். பாதிக்குமேல் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவள் கடைசியில் என் பக்கம் பார்க்காமல் தமிழில் சொன்னாள்: "அப்பா ஒறங்கும்போ மட்டுந்தான் என்னைய ஏச மாட்டாவ. அப்பந்தான் பக்கத்துல இருந்து மொகத்தப் பாக்க முடிஞ்சுது."

எல்லாரும் கைதட்டினார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன். காரில் வீடு திரும்பினோம். இந்த மாதிரி நேரத்தில் நான் நாலு வார்த்தை ஏசுவது வழக்கம். அது வரவில்லை.

இது நம் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வராது. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, வரைந்தது போதும், பழைய வேலைக்கே போ என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோலப்பன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் மத்தியானமாகிச் சோறு வந்துவிட்டது. உண்டு படுத்தேன். உறக்கம் பிடிக்கவில்லை. பக்கத்தில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள் என்று, நாலு மணி வரை உறங்குவதுபோலவே கிடந்தேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். நான் எழுந்ததும் அஸ்வதி, அடுத்த படங்களுக்குக் குடும்பத்தில் வேறு ஆள் உண்டா என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம். சாப்பிட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் படுத்துக்கொள்ளுங்கள்.