கொக்கரின் நானூறு மில்லிமீற்றர்

துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரனைப் பார்த்து "இன்னும் பின்னுக்குப் போ" என்று கட்டளையிட்ட ஒரே தமிழன், யுத்த காலக் கொழும்பில் எனக்குத் தெரிந்து எங்கள் கொக்கர்தான்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் அவரும் நானும் வாடகைக்கு இருந்தோம். ஆறடிக்கு மேல் உயரம், அதில் கழுத்தே ஓரடி இருக்கும். பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர் வேலை. மிச்ச நேரமெல்லாம் கால்வாய்க் கரையில் கமராவும் கையுமாக அசையாமல் நிற்பார். பக்கத்தில் நின்ற கொக்குகள்கூட அவரை அந்நியராக நினைத்ததில்லை.

ஒருநாள் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வந்து, லென்ஸ் வாங்கப்போவதாக அறிவித்தார். கொட்டாஞ்சேனையில் பழைய கமரா விற்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் இரண்டு இருந்தன. ஒன்று சூம்; நூறிலிருந்து முந்நூறு மில்லிமீற்றர் வரை இழுக்கலாம், சுருக்கலாம். மற்றது பிரைம், நானூறு என்றால் நானூறுதான், கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. புட்டுக்குழலைவிட நீளம்.

"ரெண்டையும் கொண்டு போங்க தம்பி. ரெண்டு கிழம பாத்துட்டு, ஒண்ட வெச்சிக்கொண்டு மத்தத கொணந்து தாங்க" என்றார் நானா.

அந்த இரண்டு கிழமையும் எங்கள் அறையில் வேறு கதையே இல்லை. சூமால் எடுத்த கொக்கையும் பிரைமால் எடுத்த கொக்கையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். சவர்க்காரம் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடமும் அபிப்பிராயம் கேட்டார்.

"சூமிலை கொக்கு முழுசா வரும். பிரைமிலை கொக்கின்ரை கண்ணுக்குள்ளை நான் நிக்கிறதே தெரியும். சொல்லு தம்பி, எது முக்கியம்?"

"எனக்கு ஒபிசுக்கு நேரத்துக்குப் போறதுதான் முக்கியம், அண்ணை."

மூன்றாம் நாள் காலையில் பிரைமைத் துவாயில் சுற்றிக்கொண்டு கால்வாய்க்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகச் சொல்லும் அடையாள அட்டையோடு, நீளமான சாமான் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வருவது அந்தக் காலத்தில் செய்கிற காரியமா?

"மொக்கத மே?" என்று துவாயைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன்.

கமரா லென்ஸ் என்றார் கொக்கர். அப்படியென்றால் என்னை ஒரு படம் எடு பார்ப்போம் என்றான் அவன். சூம் என்றால் நின்ற இடத்திலேயே எடுத்திருக்கலாம். இந்தப் பிரைமுக்கோ பதின்மூன்று அடிக்குக் கிட்ட இருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியாது. கொக்கர் பின்னால் போனால், ஓடுகிறான் என்று சுட்டாலும் சுடுவார்கள். ஆகவே ஆமிக்காரனைப் பின்னால் போகச் சொன்னார்.

"தவ பஸ்ஸட்ட... தவ... தவ..."

அவனும் போனான். முதுகு மதிலில் முட்டியதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிரிக்கலாமா என்று கேட்டான்.

சில நாட்களில் கொக்கர் கொண்டுபோய்க் கொடுத்த படத்தில் அவனுடைய மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் என் சோற்றுப் பார்சலைக் கிளறிப் பார்ப்பார்கள். கொக்கரின் துவாய் மூட்டைக்குச் சிரித்து வழிவிடுவார்கள்.

கெடு முடிந்த அன்று இரண்டு லென்சையும் மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனோம். நானாவும் நானும் சூமின் பக்கம். கொழும்புப் பறவைகள் கிட்டத்தில்தான் நிற்கின்றன, சுருக்கினால் பைக்குள் அடங்கும், உயிருக்கும் பாதுகாப்பு என்று மாறிமாறிச் சொன்னோம்.

"நீங்கள் சொல்லுறது கொழும்புக்குச் சரி. நான் வாங்கிறது யாழ்ப்பாணக் கடலேரியிலை நிக்கிற பூநாரைக்கு. அது ஆளைக் கிட்ட விடாது."

"யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடக்கெல்லோ, அண்ணை?"

"திறக்கும். திறக்கிற நேரம் பாத்துக் கையிலை லென்ஸ் இல்லாட்டி என்ன செய்யிறது?"

நானா சூமை எடுத்து அலுமாரியில் வைத்தார்.

பாதை திறக்கப் பல வருடங்கள் ஆயின. அதற்கிடையில் என் கல்யாணத்துக்கும் கொக்கர்தான் படம் பிடித்தார், அதே பிரைமால், மண்டபத்தின் கடைசித் தொங்கலில் நின்று. ஆல்பத்தில் என் மூக்கு இருக்கிறது, மனைவியின் காது இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படத்திலும் இல்லை.

சமாதானம் பேசிப் பாதை திறந்த முதல் கிழமையே அவர் பஸ் ஏறிவிட்டார். துவாய் சுற்றாத லென்ஸ் மடியில் இருந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு கடிதவுறை வந்தது. உள்ளே ஒரு படம். நிறையத் தண்ணீர், அதற்கும் அப்பால், தொலைவில், மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. பூநாரை என்று அவர் சொன்னால்தான் உண்டு. பின்பக்கத்தில் எழுதியிருந்தார்:

"தம்பி, நானூறு காணாது. அறுநூறு வேணும். நானாவிட்டைக் கேட்டு வை."

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எங்கள் பழைய மேல்மாடி அறையில் அவருடைய கட்டில் இருந்த மூலை நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. அந்தச் சனிக்கிழமையே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.