மன்னிப்புக் கேட்காத வாத்து

அன்பும் அறிவும் ஒரே தலைக்குள் நெரிசலாகக் குடியிருக்கும் என் தங்கை மகன், ஒசாகா லிஃப்ட் கம்பெனியின் நடுத்தூண் ரியோஹெய்க்கு, நாகாவோகாவிலிருந்து உன் தாய்மாமன் ஸென்ஜி எழுதிக்கொள்வது.

இங்கே மழை விட்டபாடில்லை. வாசலில் சாத்திய குடையில் காளான் முளைத்து, அதை உன் அத்தை சூப்பில் போட்டு ஊரே சாப்பிட்டது. உன் தேகமும் வயிறும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நான் இருப்பது, அத்தைக்கு இன்னும் விஷயம் தெரியாததால்.

மாப்ளே, உன் கல்யாணம் தற்சமயம் இகராஷி வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கிறது. உட்கார்ந்து படி.

காசு போட்டுப் பிடியைத் திருகினால் உள்ளே பொம்மையோடு பிளாஸ்டிக் உருண்டை விழுமே, அந்தப் பெட்டிகளோடு எனக்குள்ள உறவு உனக்குத் தெரியும். அப்படி விழுந்த ஒரு குட்டி ஆமை பொம்மை எப்படியோ அத்தையின் சோற்றுக் குக்கருக்குள் இறங்கி அரிசியோடு வெந்த நாளில், "இன்னொரு உருண்டை இந்த வாசப்படி ஏறிச்சுன்னா, அது உள்ள, நீங்க வெளிய" என்று தீர்ப்பானது. நானும் நிறுத்திவிட்டேன், வெளியே தெரிகிற அளவுக்கு. ஆனால் 'மன்னிப்புக் கேட்கும் மிருகங்கள்' என்ற பொம்மை வரிசை வந்தபோது எந்த மனிதனால் சும்மா இருக்க முடியும், சொல்? டை கட்டிய கரடி, கீரி, தவளை, எல்லாம் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்திருக்கும். அதில் ரகசிய உருப்படி ஒன்று உண்டு. மன்னிப்புக் கேட்காமல் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் வாத்து. அதற்காக நம் ஸ்டேஷன் பெட்டியில் நான் திருகிய திருகலில் என் வலது கை இடது கையைவிட ஒரு சாண் நீண்டுவிட்டது. வாத்து விழுந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் வந்து என்னைத் தரையிலிருந்து எழுப்பினார். மொத்தக் கூட்டத்தையும் உருண்டைகளோடு அரிசி வில்லை என்கிற மொறுமொறு பிஸ்கட் வந்த ஒரு டப்பாவில் அடுக்கி, பெரிய கடையின் பூப்போட்ட காகிதத்தைச் சுற்றி, நமக்கு வந்த கோடைப் பரிசுகளுக்கு நடுவே அலமாரியில் வைத்தேன். இதைவிடப் பத்திரமான இடம் ஜப்பானில் இல்லை என்று நினைத்தேன். நம் ஊரில் ஒரு வீட்டுக்கு வந்த கோடைப் பரிசு பிரிபடாமலே அடுத்த வீட்டுக்கு நடந்து போகும் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

உன் அப்பா அம்மா ஹொக்கைடோவில் இருப்பதால், மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் நானும் அத்தையும்தான் மினோரியின் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா இகராஷி தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்வை பட்டால் பச்சைத் தேநீர் பயத்தில் வெளுத்துவிடும். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "பையன் கொஞ்சம் விளையாட்டுத்தனமோன்னு ஒரு சந்தேகம். உங்க குடும்பத்துல யாருக்காவது அப்படி?" உன் அத்தை குனிந்து, "எங்க பரம்பரையிலயே கிடையாதுங்க" என்றபடி, பரிசு கட்டிக்கொண்டு வந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். பூப்போட்ட காகிதம். மூலையில் நான் கோணலாக ஒட்டிய டேப்.

என் ரத்தம் உள்ளங்காலுக்கு இறங்கி, அங்கிருந்து வெளியேற வழி தேடியது. பிரிக்கவா போகிறார்கள், விருந்தாளி எதிரில் பரிசைப் பிரிக்க மாட்டார்கள் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் இகராஷி அம்மாள், "அரிசி வில்லையா? நீங்க கொண்டுவந்ததையே வைக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, தேநீருக்கு நல்லா இருக்கும்" என்று கை நீட்டினார். இகராஷி டப்பாவைத் தான் வாங்கி, காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே கடகடவென்று உருண்டது. அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"வில்லை இப்படியா உருளும்?" என்றார் அம்மாள்.

"உடைஞ்சிருக்கும். முதல்ல முன்னோருக்கு வைக்கணும். யாரும் தொடக் கூடாது." சொல்லிவிட்டு அவரே எழுந்து, பூஜை அலமாரியில் அம்மாளுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆயுள் தண்டனை கொடுக்கும் நீதிபதிகூட அப்படிப் பார்க்க மாட்டார். கும்பிடும் சாக்கில் டப்பாவை எடுத்துவிடலாம் என்று எழுந்தேன். மண்டியிட்டு உட்கார்ந்ததில் கால்கள் இரண்டும் மரத்துப்போய், அவை என்னுடையவை அல்ல என்று அறிவித்துவிட்டன. குப்புற விழுந்ததில் என் நெற்றி பூஜை மணியில் மோதி, தெருமுனை வரை கேட்டது. "என்ன பக்தி" என்றார் அம்மாள். இகராஷி எழுந்துபோய் டப்பாவை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

ஆகவே, அதே கடை டப்பா, உண்மையான வில்லைகளோடு, தனிப் பார்சலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போய்க் கும்பிடுகிற சாக்கில் மாற்றிவிடு. காலை மட்டும் மடக்காதே. அந்த டப்பா திறந்தால் நமக்கு மினோரியும் இல்லை, எனக்கு வீடும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். இனி எந்தப் பெட்டியின் பிடியையும் தொட மாட்டேன் என்று என் நெற்றி வீக்கத்தின் மேல் சத்தியம் செய்கிறேன். நீயும் செய். அந்தப் பெட்டிகளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடு.

சகல சௌக்கியங்களும் உன் தலைமேல் மழையாகக் கொட்டட்டும், குடையில்லாமல் நனை என்று வாழ்த்தும்,
மாமன் ஸென்ஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் போன் அடித்தது. இகராஷி. திருட்டுக் குரல்.

"பக்கத்துல வீட்டம்மா இருக்காங்களா?"

"குளிக்கறாங்க."

"நான் இன்னும் பிரிக்கலீங்க. ஆட்டினதுமே சத்தத்துல தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுல நானும் என் உருண்டைகளைப் புத்தர் சிலைக்குப் பின்னாடிதான் ஒளிச்சு வெச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதுல வாத்து இருக்கா?"

"இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்லை. ஒசாகா ஸ்டேஷன்ல அந்தப் பெட்டி இன்னும் நிக்குதாமே. பையனுக்குக் கைராசி எப்படி? வாத்தோட வந்தார்னா, கல்யாணத் தேதியை அன்னிக்கே குறிச்சிடலாம்" என்றார்.

மாப்ளே, மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. பார்சலில் வரும் வில்லைகளைத் தின்றுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடு. திருகு. விழும்வரை திருகு. இரண்டு வாத்தாக எடு. டப்பாவை அந்த மனிதர் தனியாக வைத்திருக்கிறார். என்னுடையது திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.