ஜட்ஜ் தீர்ப்புச் சொன்ன இரண்டு கார்கள்

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாமல், அக்கரப்பத்தனைப் பக்கம் ஓடிய அத்தனை கார்களுக்கும் தீர்ப்புச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஜட்ஜ்தான். கொழும்பில் கார் விற்கிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாதிக் கார்களைக் கப்பலிலிருந்து இறக்கியே இருக்க மாட்டார்கள்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் புத்தகத்துக்கு மட்டுந்தான் தெரியும். புதுக் கார் ஒன்றைக் கண்டால் லொறியை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார். ஒரு சுற்றுச் சுற்றுவார். டயருக்கு ஒரு உதை, பொனட்டுக்கு ஒரு தட்டு. அப்புறம் தீர்ப்பு.

தோட்டத்து மேனேஜர் பெரிய துரையின் பழைய இங்கிலீஷ் காருக்கு அவர் சொன்னது: "பெரியதொர மாதிரியேதாங்க. காலையில எழுப்புறது கஷ்டம். எழும்பிட்டா சத்தம் தாங்க முடியாது."

இது பெரிய துரையின் காதுக்குப் போனது. ஜட்ஜ் ஒரு வாரம் லொறியை விட்டுவிட்டு உர மூட்டை அடுக்கினார். அங்கிருந்தும் சொல்லி அனுப்பினார்: "தீர்ப்புல மாத்தமில்ல!"

எழுபதுகளில் தீர்ப்புச் சொல்ல அவருக்குக் கார்களே போதவில்லை. இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரே மாதத்தில் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு கார்கள் வந்து சேர்ந்தன. ஒன்று உதவி மேனேஜர் சின்ன துரையுடையது. சிவப்பு, நீண்ட மூக்கு, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். மற்றது என் அப்பாவுடையது. அப்பா தேயிலை ஸ்டோரில் டீமேக்கர்; கொழுந்து தூளாவது அவர் பொறுப்பு. அவர் வாங்கியது யாரோ ஓட்டி விற்ற ஜப்பான் குட்டிக் கார். முதுகுப்பக்கம் முழுவதும் கதவாக மேலே தூக்கிக்கொள்ளும். குட்டி என்றாலும் சும்மா இல்லை. விலாவில் இரண்டு கறுப்புக் கோடு, மிதித்தால் ஒரு சீறல்.

தோட்டம் இரண்டு கட்சியானது. சின்ன துரை வயதுக்கேற்ற மாதிரி, "ரேஸ் வைப்போம்" என்றார். ஜட்ஜ் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"ரேஸ்ல எது ஜெயிச்சா என்னங்க தொர? தெனமும் ரேஸா ஓடப் போறீங்க? கடைக்குப் போகணும், கோயிலுக்குப் போகணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுல பாப்போம்."

"ஹரி ஹரி, பாப்போம்" என்று சின்ன துரை சிங்களத்திலும் தமிழிலுமாகச் சம்மதித்து, சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். நல்ல மனிதர்.

முதலில் ஸ்போர்ட்ஸ் கார். ஜட்ஜ் ஒரு காலை உள்ளே விட்டார், தலையை விட்டார், மிச்சத்தை என்ன செய்வதென்று யோசித்தார். கடைசியில் தொப்பென்று விழுந்தார். ஒரு ரவுண்டு போய் வந்ததும், அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எஞ்சின் ராசா வீட்டுப் புள்ள. சீட்டுதான் கெணறு."

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைச் சாமான். அப்பாவின் கார் பின்சீட்டை மடித்ததும் அரிசி மூட்டை, லீக்ஸ் கட்டு, ஒரு முழுப் பலாப்பழம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு இன்னும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு முட்டைக்கோவாவுக்கு மேல் இடமில்லை. மூன்றாவதை ஜட்ஜ் மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

அப்பா மீசையைத் தடவினார். ஜட்ஜ் விடவில்லை. "ரொம்பச் சந்தோசப்படாதீங்க ஐயா. ஒங்க காரை இழுக்குறது முன்சக்கரம். மேட்டுல பாரமெல்லாம் பின்னால போயிரும். மழை வரட்டும், அப்பதான் தீர்ப்பு."

மழை, எனக்கு நேர்முகப் பரீட்சை நடந்த அன்று வந்தது.

படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். ஆசிரியர் வேலைக்கு நுவரெலியாவில், காலை ஒன்பது மணிக்கு அழைத்திருந்தார்கள். பஸ் வரவில்லை. ஸ்டோரில் மெஷின் நின்றுவிட்டதால் அப்பாவால் நகர முடியாது. செய்தி கேட்டு சின்ன துரையே காரோடு வந்துவிட்டார். ஜட்ஜ் மட்டும் அப்பாவிடம் கை நீட்டினார். "சாவியக் குடுங்க ஐயா. சும்மா பின்னால போறேன்."

சின்ன துரையின் காரில் முதல் ஒரு மைல் பறந்தோம். சேலை கசங்காமல் எப்படிப் படுத்துக்கொண்டே உட்காருவது என்று நான் கற்றுக்கொள்வதற்குள், வளைவில் ஓரமாக ஒதுங்கிய கார் ஒரு கல்மேட்டில் வயிற்றை வைத்து நின்றுவிட்டது. சக்கரங்கள் சும்மா சுற்றின. சின்ன துரை இறங்கி, சேற்றில் புதைந்த தன் சப்பாத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் வந்த ஜட்ஜ் கண்ணாடியை இறக்கினார். "தொர, காரு படுத்துக்கிச்சு. நீங்க தொணைக்கு இருங்க. பாப்பா, ஓடியா."

இடுக்கில் நுழைந்து மேட்டில் ஏறினோம். பாதி மேட்டில் முன்சக்கரம் வழுக்கியது. ஜட்ஜ் பதறவில்லை. காரை மெதுவாக உருட்டிக் கீழே விட்டார், வளைவில் திருப்பினார், ரிவர்ஸ் போட்டார். மேட்டைப் பின்பக்கமாகவே ஏற ஆரம்பித்தார்!

"இப்பத்தான் பாரம் இழுக்குற சக்கரத்து மேல இருக்கு, பாப்பா!"

எனக்கு முன்னால், நான் விட்டுவிட்டு வந்த உலகம் சிறியதாகிக்கொண்டே போனது. சின்ன துரை கையசைத்தார். கொழுந்தெடுத்த பெண்கள், "ஐயோ, டீமேக்கர் மக வீட்டப் பாத்துக்கிட்டே வெளிய போகுதுடி!" என்று கத்தினார்கள்.

"ஜட்ஜ் அண்ணே, ரோட்டப் பாருங்க!"

"ரோட்ட நான் பாக்குறேன். நீ கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகு. ஒரு பய படிக்கவே மாட்டேங்குறான். என்ன செய்வ?"

சீட்டைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னேன். ஒன்பதுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது நுவரெலியாவில் இறங்கினேன். பயப்படுவதற்கு எனக்கு நேரமே இருக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னேன்.

வெளியே வந்து பார்த்தால், ஜட்ஜ் காரின் பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு, பரீட்சை நடந்த கந்தோரின் சிப்பந்திகள் ஐந்தாறு பேருக்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். "பாத்து மயங்குறதுக்கு அந்தக் காரு. குடும்பம் நடத்துறதுக்கு இந்தக் காரு. ஆனா, பின்னால போகத் தெரிஞ்சவன் கையிலதான் குடுக்கணும்."

திரும்பும் வழியில் பின்சீட்டில் சாய்ந்தது நினைவிருக்கிறது. விழித்தபோது கார் எங்கள் வாசலில் நின்றது. என்மேல் அவருடைய காக்கிக் கோட்டு. அப்பாவின் கோபக்குரல் கேட்டது. "என்னய்யா, ரெண்டு மணிக்கு வர வேண்டியது. இப்ப நாலு மணி!"

"மெதுவாப் பேசுங்க ஐயா," என்றார் ஜட்ஜ். "டீச்சர் தூங்குறாங்க. ரோடெல்லாம் குழி. அதான் உருட்டிக்கிட்டே வந்தேன்."

நியமனக் கடிதம் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. கண்ணை மறுபடி மூடிக்கொண்டு, அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று அப்படியே கிடந்தேன்.