மெஷினுக்குள் போன பேய்

வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்த காஜாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே கணவனின் காக்கிச் சட்டை இருந்தது, கால்சட்டை இருந்தது, துண்டு இருந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது. ஒரு துணுக்கை விரலால் வழித்து வெளிச்சத்தில் பிடித்தாள். 'கதவைத் தட்டி' என்று அச்சடித்திருந்தது. அடுத்த துணுக்கில் 'அவள் திரும்பிப் பார்' வரைக்கும் இருந்தது.

மூடியைப் படாரென்று சாத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க! மெஷின்ல என்ன போட்டீங்க?"

"என் யூனிஃபார்மைத்தான். ஒரே கிரீஸு. உங்க துணியை நீங்களே போட்டுக்கோங்கன்னு நீதானே தினமும் பாட்டுப் பாடுற?" என்றான் கணவன். பஸ் டிப்போவில் மெக்கானிக். முழு எஞ்சினையும் கழற்றி மாட்டுவான். மெஷினுக்குள் குனிந்து பார்க்கமாட்டான்.

"போடுறதுக்கு முன்னாடி உள்ள பார்க்கறதில்லையா?"

"உள்ள என்ன இருக்கும் பார்க்கிறதுக்கு?"

"புத்தகம் இருக்கும்!"

கணவன் அப்போதுதான் வந்து மெஷினுக்குள் குனிந்து பார்த்தான்.

புத்தகம் மெஷினுக்குள் போனதற்குக் காரணம் பயம்தான். வேறென்ன?

சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷின் அவளுடையது. அதனால் பெயரே காஜா ஆகிவிட்டது. காலர் தைப்பவள் காலர். துணி வெட்டுகிற பெரிய மேஜைக்கு அதிபதி கத்தரி அக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் அந்த மேஜையின் ஒரு மூலையில் உட்காருவார்கள். காலர் பார்க்காத படம் கிடையாது. அக்கா படிக்காத நாவல் கிடையாது. ஒரு நாவலைப் படமாக எடுத்துவிட்டால் போதும், இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

"முந்நூறு பக்கத்தை ரெண்டு மணி நேரத்துல பிழிஞ்சா சக்கைதாண்டி வரும்" என்பாள் அக்கா.

"சாறு எங்களுக்கு, சக்கை உங்களுக்கு" என்பாள் காலர்.

காஜா யாரோடும் சேராமல் சிரிப்பாள். கூச்ச சுபாவம். வீட்டிலும் வேலையிலும் அவளிடம் யாரும் 'நீ என்ன நினைக்கிற?' என்று கேட்டதில்லை; அந்த மேஜை மூலையில் மட்டும் கேட்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகவே மீதி நாளெல்லாம் துளை போட்டுக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

'ஈரப்பாதம்' படம் வந்தது. தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒருத்தி, ஈரக் காலோடு வீடு வீடாக வருகிற பேய்க்கதை. காலர் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து கண்ணை உருட்டினாள். மறுநாளே அக்கா அதன் மூலக்கதையான, கறுப்பு அட்டை போட்ட நாவலைக் கொண்டுவந்து காஜாவின் கையில் திணித்தாள்.

"நீ படி. படிச்சிட்டு, எது ஒசத்தின்னு இவகிட்ட நீயே சொல்லு."

காஜா பத்துப் பக்கம் படித்தாள். பத்தாம் பக்கத்தில் ஈரப் பாதம் வாசல்படி ஏறியது. புத்தகத்தை மூடி பீரோவில் வைத்தாள். பீரோ கதவு தானாக அசைவதுபோல் இருந்தது. சமையலறை அலமாரிக்கு மாற்றினாள். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போகவே கால் வரவில்லை. வீட்டில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் மூடி உள்ள ஒரே பொருள் வாஷிங் மெஷின்தான். உள்ளே போட்டு மூடினாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். தண்ணீரில் செத்தவளின் கதையைத் தண்ணீர் வருகிற இடத்திலேயே வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது பேயைப் பற்றிய பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது கத்தரி அக்கா.

அக்காவின் புத்தகத்தில் பக்க மூலையை மடித்த ஒருத்தி உண்டு. பாக்கிங்கில் வேலை. அவள் எதிரே வந்தால் அக்கா இன்றைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். மூலையை மடித்ததற்கே இந்தக் கதி. கூழாக்கியவளுக்கு?

"ஃபோன் பண்ணி உண்மையைச் சொல்லிடு" என்றான் கணவன், சட்டையிலிருந்து மூன்றாம் அத்தியாயத்தை உதறியபடி.

"ஐயோ, சும்மா இருங்க! இனிமே இந்த வீட்ல அந்தப் புத்தகத்தைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. அக்கா பேரையும் சொல்லாதீங்க."

மறுநாள் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே அக்கா கேட்டாள்.

"புத்தகம் எங்க இருக்கு?"

காஜா டிபன் பாக்ஸ் மூடியை இன்னும் இறுக்கி மூடினாள். "வீட்லதான் அக்கா. பத்திரமா இருக்கு."

"பத்திரமான்னா? எந்த இடத்துல?"

"பீரோவுல."

"பூட்டியா?"

"பூட்டித்தான் அக்கா."

"சாவி?"

"என்கிட்ட."

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். "இருக்கட்டும். அங்கேயே இருக்கட்டும். திருப்பித் தர்றதுக்கு ஒரு அவசரமும் இல்ல."

அக்கா ஒன்றை இவ்வளவு அமைதியாகச் சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் அர்த்தம் என்று காஜாவுக்குத் தெரியும். பாக்கிங்காரியிடமும் முதலில் 'பரவாயில்ல' என்றுதான் சொன்னாளாம்.

"எதுவரைக்கும் வந்திருக்க?" என்று காலர் முழங்கையால் இடித்தாள். "அந்த லிஃப்ட் சீன் வந்துச்சா?"

பத்துப் பக்கம் என்று சொன்னால் இன்னும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்ற கேள்வி வரும். "ஓ, அதெல்லாம் தாண்டியாச்சு" என்றாள் காஜா.

"அப்போ எது ரொம்பப் பயங்கரம், சொல்லு பார்ப்போம்."

காஜாவின் கண்ணுக்குள் வேறெதுவும் வரவில்லை. நேற்று பார்த்ததுதான் வந்தது. "ஒரு தொட்டி. மூடி போட்ட தொட்டி. அதுக்குள்ள அவ சுத்திக்கிட்டே இருக்கா. சுத்திச் சுத்தி, தோலெல்லாம் வெள்ளை வெள்ளையா உரிஞ்சு, பக்கத்துல இருக்கிற துணியில எல்லாம் ஒட்டிக்குது. மூடியைத் திறந்து பார்த்தா முகமே இல்ல. ஒவ்வொரு துணுக்கா எடுத்துப் பார்த்துத்தான் அது யாருன்னே கண்டுபிடிக்கணும்."

அவள் குரல் நிஜமாகவே நடுங்கியது. அக்கா கையிலிருந்த சோற்றுக் கவளம் பாதி வழியில் நின்றது.

"அடியாத்தி!" என்றாள் காலர். "படத்துல அப்படி ஒண்ணும் இல்லையே! ஏன்க்கா, புத்தகத்துல இது இருக்கா?"

அக்கா தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். "இருக்கு" என்றாள் மெதுவாக. "இருக்கும்."

"அப்போ புத்தகம்தான் ஒசத்தி, நான் தோத்தேன். நாளைக்கே எடுத்துட்டு வா காஜா, நான் படிச்சே ஆகணும்."

"யாரும் எங்கேயும் எடுத்துட்டு வர வேண்டாம்!" அக்கா போட்ட சத்தத்தில் பட்டன் தைக்கிறவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தில் தொட்டியே இல்லை என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? பொய் சொல்லுகிறவளை இன்னும் கொஞ்ச தூரம் ஓடவிட்டு அப்புறம் பிடிக்கப் போகிறாள்.

வேலை முடிந்ததும் பழைய புத்தகக் கடைகளுக்கு ஓடினாள். முதல் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது கடைக்காரர், "படம் வந்ததும் எல்லாம் பறந்துடுச்சும்மா" என்றார். மூன்றாவது கடையில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. ஆனால் அட்டையில் படத்தின் கதாநாயகி ஈரத் தலையோடு முறைத்துக்கொண்டிருந்தாள். காஜா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிப் பையில் கவிழ்த்துப் போட்டாள்.

கணவனுக்கு அன்று மாலை ஷிஃப்ட். வீட்டில் தனியாக இருந்தாள். எல்லா விளக்கையும் போட்டாள். டிவியில் சமையல் நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்தாள். கதாநாயகியின் முகத்தின் மேல் கறுப்புத் தாளில் அட்டை போட்டாள். அக்காவின் பிரதி இவ்வளவு புதிதாக இருக்காதே என்று ஓரங்களில் டீத் தண்ணீர் தடவினாள். தண்ணீர் சற்று அதிகமாகிவிட்டது, புத்தகம் உப்பியது. உப்பியதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். கடைசிப் பக்கம் லேசாகக் கருகியது. கருகியதைக் கத்தரித்தாள். அதில் கதையின் கடைசி வரியும் போய்விட்டது.

அக்கா தன் புத்தகங்களின் முதல் பக்கத்தில் பெயர் எழுதமாட்டாள். ஒரு கத்தரிக்கோல் வரைவாள். காஜா வரைந்தாள். மூக்குக் கண்ணாடி போல வந்தது. திருத்தினாள். கண்ணாடி போட்ட வெட்டுக்கிளி மாதிரி ஆனது. இன்னும் திருத்தினால் அதுவே ஒரு பேய்க்கதை ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவன் செருப்பைக் கழற்றும்போதே, "ஏய், இன்னைக்கு உங்க கத்தரி அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்சு வேண்டாம்னு சொன்னேன்ல!" காஜா காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் கம்பெனிக்குப் போனாள். வெட்டு மேஜையின் நடுவில், அக்காவின் பெரிய கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், புத்தகத்தை வைத்தாள். தன் மெஷினுக்கு ஓடிப்போய்க் குனிந்துகொண்டாள். ஊசிக்கு அடியில் துணி இல்லாமலே மெஷினை ஓட்டினாள்.

அக்கா வந்தாள். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வழியில் பாக்கிங்காரியைப் பார்த்துச் சிரித்தாள். பாக்கிங்காரி மிரண்டுபோய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"என்ன காஜா, முகமெல்லாம் வாடியிருக்கு?" அக்கா அவள் தோளைத் தட்டினாள். "எதையும் மனசுல வெச்சுக்காத. போனது போகட்டும். எல்லாம் நல்லதுக்குத்தான்."

அக்கா இவ்வளவு அன்பாக இருந்து காஜா பார்த்ததே இல்லை. இது முடிவுக்கு முன்னால் வரும் அன்பாகத்தான் இருக்கவேண்டும்.

அக்கா தன் மேஜைக்குத் திரும்பினாள்.

பாட்டு நின்றது.

அக்கா ஒரு விரலை நீட்டிக் கறுப்பு அட்டையைத் திறந்தாள். முதல் பக்கத்தில் வெட்டுக்கிளி அவளைப் பார்த்தது. அடுத்த நொடி அக்கா போட்ட அலறலில் கம்பெனியின் எல்லா மெஷினும் நின்றன. அளவு டேப் கழுத்தில் பறக்க, செருப்பை விட்டுவிட்டு அக்கா வாசலைப் பார்த்து ஓடினாள். காலர் குறுக்கே விழுந்து இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்துடுச்சுடி! விடுடி என்னை! வந்துடுச்சு!"

"எது வந்துச்சுக்கா?"

அக்காவுக்குப் பல் கிட்டியிருந்தது. காலர் ஒரு சட்டைக் கைத்துணியால் விசிற, வேறொருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் பட்டதும் அக்கா இன்னும் சத்தமாக அலறினாள்.

எல்லாம் முடிந்தது என்று காஜாவுக்குப் புரிந்தது. கத்தரிக்கோல் சரியாக வரவில்லை, அக்கா கண்டுபிடித்துவிட்டாள். இனி அந்த மேஜை மூலை இல்லை, சக்கையும் சாறும் இல்லை, 'நீ என்ன நினைக்கிற'வும் இல்லை. அழுகையோடு அக்காவை நோக்கிப் போனாள். "அக்கா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்..."

"கிட்ட வராதடி!" என்று அக்கா காலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காஜாவின் ஃபோன் அடித்தது. கணவன்.

"நேத்து ராத்திரி நீ சொல்லவே விடல. நேத்து சாயங்காலம் டிப்போவுல இருந்தே நான் உங்க அக்காவுக்கு ஃபோன் பண்ணி, புத்தகம் மெஷின்ல கூழாப் போச்சு, குப்பையில கொட்டிட்டோம், மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, 'ரொம்ப சந்தோஷம் தம்பி, பத்துப் பக்கத்துக்கு மேல என்னால படிக்கவே முடியல, வீட்ல வெச்சுக்கப் பயந்துதான் அதை உங்க வீட்டம்மா தலையில கட்டினேன், இனிமே அது என்கிட்ட திரும்பி வராதுல்ல?'ன்னு கேட்டாங்க!"