உண்ணத் தகாத வெள்ளரிக்காய்

உலகத்தில் வாங்கவும் விற்கவும் முடிந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. கழுதைக்கு ஒன்று, கழுதை முதுகில் போடும் சேணத்துக்கு ஒன்று, பொய்ப்பல்லுக்கு ஒன்று, தலையிலிருந்து வெட்டி விழுந்த முடிக்குக்கூட ஒன்று. எச்.எஸ். கோடு என்பார்கள். எந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போனாலும் அதன் முதல் ஆறு இலக்கம் மாறாது. அதைப் பார்த்துத்தான் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன வரி, உள்ளே விடலாமா கூடாதா என்று சுங்கத்துறைக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். மாப்பிள்ளைகளுக்கு மட்டும் எண் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். கொடுத்திருந்தால் என்னைக் கழிவுப்பொருள் வரிசையில் சேர்த்து, என் மாமனாரை முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம்.

கல்யாணத்துக்கு முன்பு நான் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போய் ஏற்றுமதி பற்றி ஒரு குட்டிப் படிப்பு படித்தேன். சான்றிதழில் என் பெயருக்குக் கீழே பொன்னிறத்தில் ஒரு கப்பல் படம் இருந்தது. (அந்தக் கப்பலை நம்பித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்களோ என்று இன்றைக்கும் சந்தேகம். என்னை நேரில் பார்த்தபிறகு கொடுக்க வேறு காரணம் எதுவும் இருந்திருக்காது.)

மாமனார் பெயர் அந்தோணி. செம்பட்டி போகிற வழியில் அவருக்கு ஒரு கெர்கின் ஷெட் இருந்தது. கெர்கின் என்பது விரல் நீளக் குட்டி வெள்ளரி. சுற்றுப்பட்ட காடுகளில் விளைவதை வாங்கி, பெண்களை வைத்து அளவு வாரியாகப் பிரித்து, உப்புத் தண்ணீர் நிரப்பிய நீல பேரலில் போட்டு மூடுவார்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் அந்த உப்பை வடித்துக் கழுவி, தங்கள் பக்குவத்துக்குப் பாட்டிலில் அடைத்து விற்பார்கள். நாம் தருவது கச்சாப் பொருள். அவ்வளவுதான்.

பல வருடங்களாக மாமனாரின் பேரல்கள் ஒரு பெரிய கம்பெனியின் பெயரில்தான் கப்பல் ஏறின. இவர் ஊறப்போட்ட வெள்ளரியில் அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தன் பெயரில் ஒரு கண்டெய்னராவது போகவேண்டும் என்று ஆசை. வீட்டுக்குள்ளேயே கப்பல் படம் போட்ட மாப்பிள்ளை வந்துவிட்டதும் துணிந்துவிட்டார். கம்பெனியிடம் போய்ச் சரக்கை நிறுத்தப்போவதாகச் சொன்னார். "போறது உங்க இஷ்டம். திரும்பி வந்தா சேத்துக்க மாட்டோம்" என்றார்கள். இவர் சரியென்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு கண்டெய்னர் கரை சேர்ந்தால் ஷெட் நிற்கும். சேராவிட்டால் ஷெட்டும் இல்லை, கம்பெனியும் இல்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

சரக்கைக் கப்பலேற்றும் தூத்துக்குடி ஏஜென்ட் போனில் கேட்டார். "சார், கோடு 0711ல ஆரம்பிக்கிறதுதானே? எல்லாரும் அதுலதான் அனுப்புதாக."

எல்லாரும் செய்வதையே நானும் செய்வதற்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் படித்தேன்? "பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, கோடு புத்தகத்தைத் திறந்தேன். மாமனார் எதிரே உட்கார்ந்திருந்தார். கோயில் பூசையில் வாசகம் கேட்பதுபோல கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் 0711க்கு எதிரே இருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னேன்: தற்காலிகமாகப் பதப்படுத்தப்பட்டு, அந்த நிலையில் உடனடியாக உண்ணத் தகாத காய்கறிகள்.

கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"எது, திங்க லாயக்கில்லாததா?"

"அப்டித்தான் மாமா போட்டுருக்கு."

"ஏன் மாப்ள, எம்பேருல போற மொதக் கண்டெய்னரு. அதுல திங்க லாயக்கில்லன்னு எழுதியா அனுப்பப்போறீங்க? இம்புட்டு வருசமா மண்ணையா ஊறப்போட்டு வித்துக்கிட்டிருக்கேன்?"

அது வெறும் வகைப்பாடு, அவரைப் பழித்துச் சொன்னதில்லை என்று நான் விளக்கியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ்கூட வராத மாப்பிள்ளை நான். மாமனார் முகம் சுண்டியதைப் பார்த்ததும் எனக்குச் சட்டமெல்லாம் மறந்துபோயிற்று.

அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மாமனார் எழுந்துபோய் ஒரு பேரலைத் திறந்து, கை கொள்ளும் அளவுக்கு வெள்ளரியை அள்ளிக்கொண்டு வந்தார். வேலைசெய்யும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி பஞ்சவர்ணம் அக்கா.

"ஏத்தா பஞ்சவர்ணம், இதத் திங்கலாமா திங்கக்கூடாதா? மாப்ளைக்குச் சொல்லு."

"நல்லாக் கேட்டீக போங்க. பழைய சோத்துக்கு இதவிட என்ன வெஞ்சனம் வேணும்?" என்று ஒன்றை எடுத்து நுனிப்பல்லால் துளி கடித்து, ஒரு வாய் சோற்றை உருட்டிப் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் கடித்தார்கள். நானும் கடித்தேன். உப்பு மண்டைக்குள் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் எலுமிச்சை ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்புக்கண்டமும் தின்று வளர்ந்த நாக்கு அல்லவா, அதை ருசி என்றே எடுத்துக்கொண்டது. துளி கடித்தால் ஒரு கவளம் இறங்கும். எங்கள் ஊரில் வெஞ்சனத்துக்கு இலக்கணமே அதுதானே! எந்த நாட்டு அதிகாரியாக இருந்தாலும் தூக்குச்சட்டியோடுதான் வருவார் என்று நான் நினைத்துக்கொண்டேன்போல.

0711ஐ விட்டுவிட்டு 2001 என்று போட்டேன். வினிகரில் பதப்படுத்திச் சாப்பிடத் தயாராக உள்ள வெள்ளரி. உப்புத் தண்ணீரில் பேருக்குக் கொஞ்சம் வினிகரும் ஊற்றுவோம், அது போதும் என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். "சார், வாங்குற பார்ட்டி கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்களேன்" என்றார் ஏஜென்ட். கேட்டால் என் சான்றிதழுக்கு என்ன மரியாதை? அதோடு விட்டேனா? இந்தச் சரக்கு ஏன் உணவுப்பொருள் என்று ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதி, ஆதாரமாகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அதைக் கடித்துச் சோறு தின்கிற போட்டோவையும் இணைத்தேன். பஞ்சவர்ணம் அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்டெய்னர் கிளம்பிய அன்று பங்கு சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொரு பேரலிலும் மாமனார் பெயர் சிவப்பு மையில் இருந்தது. லாரி வத்தலக்குண்டு சாலையில் திரும்பி மறைகிறவரை அவர் வெயிலில் நின்றார். அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) குடை கொண்டுபோய்ப் பிடித்தும் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கத் துறைமுகத்திலிருந்து மெயில் வந்தபோது நான் ஷெட்டில் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாங்கும் பார்ட்டி தன் காகிதங்களில் எல்லாம் கச்சாப் பொருள் என்று போட்டிருந்தார். எங்கள் காகிதம் சாப்பிடத் தயாரான உணவு என்று சொன்னது. இரண்டும் பொருந்தாததால் அதிகாரிகள் பேரலைத் திறந்து சோதனைக்கு எடுத்தார்கள். கச்சாப் பொருளாக இருந்தால் அந்த உப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உணவு என்று நாங்களே சொல்லிவிட்டதால் உணவுக்கான அளவுகோலை வைத்து அளந்தார்கள். உப்பு அளவு எங்கேயோ போய் நின்றது. அறிக்கையின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள்: மனிதர் உண்ணத் தகாதது.

எதை எழுதக்கூடாது என்று மாமனார் அத்தனை சொன்னாரோ, அதையே வெள்ளைக்காரன் சீல் வைத்து எழுதிவிட்டான். உடனே பதில் போட்டேன்: தவறு நடந்துவிட்டது, இது உணவே அல்ல, இதை யாரும் அப்படியே உண்ண மாட்டார்கள். மறுநாள் நான் இணைத்த போட்டோவையே எனக்குத் திருப்பி அனுப்பி, மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: அப்படியானால் இந்தப் பெண்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?



வாங்கும் பார்ட்டி கைவிரித்துவிட்டார். அப்படிக் கெட்ட பெயர் வாங்கிய சரக்கு அவருக்கு வேண்டாமாம். திருப்பிக் கொண்டுவர எங்களுக்கு வக்கில்லை. அங்கேயே அழித்துவிடச் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். மாமனார் முன்னால் காகிதத்தை வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எப்டி அழிப்பாய்ங்க?"

"குழி தோண்டிப் போட்டு மூடிருவாங்க மாமா."

"குழி நம்ம காட்டுலயே தோண்டிருக்கலாமே. அதுக்கு எதுக்குக் கப்பலு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேரலில் இருந்த அதே பெயர்தான். இந்த முறை நீல மை.

கம்பெனி சொன்னபடியே அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஷெட்டை மூடினோம். பெண்கள் முன்புபோல நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் வேனுக்குக் காத்து நிற்கப் போனார்கள். கணக்கு முடித்த அன்று பஞ்சவர்ணம் அக்கா மட்டும் என் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நாங்க தின்னதுதான் தப்பாப் போச்சா தம்பி?" மாமனார் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அந்தக் கேள்வி அளவுக்கு வலித்திருக்காது.

எங்கள் குடும்பம் ரொம்ப இரக்கமுள்ள குடும்பம். ஒரு வருடம்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவி ஸ்டெல்லாதான் ஆரம்பித்துவைத்தாள். இலையில் கூட்டு விழுந்ததும், "என்னங்க, இது என்ன கோடு? திங்கலாமா?" என்றாள். பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் கோடு சொல்லாமல் யாரும் சாப்பிடுவதில்லை. ஸ்டெல்லா வைக்கும் ரசத்துக்கு நான் ஏதாவது கோடு சொல்லப்போக, வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரியாமல் போனதும் உண்டு. பிழைப்பும் அதுவே ஆகிவிட்டது. சின்னாளப்பட்டிச் சேலைக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் கோடு பார்த்துச் சொல்லித்தான் இப்போது சாப்பிடுகிறேன். வாங்கும் பார்ட்டியிடம் கேட்காமல் ஒரு இலக்கம்கூட எழுதுவதில்லை.

எல்லாரும் சிரிக்கும்போது மாமனார் மட்டும் சிரிக்க மாட்டார். என்னைத் திட்டவும் மாட்டார். அந்தக் கண்டெய்னரைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. "சாப்டீங்களா மாப்ள?" என்பார். அதோடு சரி. அந்த மௌனத்துக்குக் கீழேதான் நான் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றேன்.

சில வருடங்களுக்கு முன்பு அவருக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். உப்பு வாயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாலை உப்பில்லாக் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். ஒரு வாய் வாங்கி, வெகு நேரம் வைத்திருந்து, கஷ்டப்பட்டு விழுங்கினார். கண்ணைத் திறந்து என்னையும் கிண்ணத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மாப்ள, அந்தத் திங்க லாயக்கில்லாத கோடு 0711ன்னீங்கள்ல?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "ஆமா மாமா."

"அந்தக் கோட இதுக்குப் போடுங்க" என்றார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மாமனாருக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்து, இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து என்னைத் திட்டினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. அந்த வாரமே அவர் போய்விட்டார். ஊர்க் கல்லறையில் அவர் பெயரைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். அவரது நினைவுநாள் சாப்பாட்டில் இந்தக் கதையை யாராவது கேட்பார்கள். சொல்வது அத்தை. கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வார்.