'அ' மேல்வீடு, 'ஆ' கீழ்வீடு

விடைத்தாளின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்து, "சட்டம் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு எழுதப்பட்டிருந்த பதிலைக் கரைத்தது. பெரிய நஷ்டம் இல்லை. வாத்தியார் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். அடுத்த துளி அங்கேயும் வந்து விழுந்தது.

"கட்டில் மேலயும் ஒழுக ஆரம்பிச்சிடுச்சு," என்று வாளியோடு வந்தாள் மனைவி. "இன்னும் ரெண்டு மாசத்துல பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. இருக்கிறது இந்த ஒரு ரூம்தான். பச்சக் குழந்தை தலையில மேல்வீட்டு பாத்ரூம் தண்ணியா?"

"சொல்லியிருக்கேனே."

"யார்கிட்ட?"

"மேல்வீட்டு அம்மாகிட்டதான். மூணு தடவை. 'பாக்கச் சொல்றேன்'னாங்க."

"பதினாறு வருஷமா ஊருக்கே சட்டம் சொல்லிக் குடுக்கறீங்க. ஒரு சொட்டை நிறுத்தத் துப்பில்ல."

உண்மைதான். தபால் வழிச் சட்டப் படிப்பில் முதலாண்டு மாணவர்களுக்குக் கேள்வி அனுப்புவதும், வரும் பதில்களைத் திருத்துவதும்தான் அவர் வேலை. கோர்ட் வாசலை மிதித்ததில்லை. மாணவர் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எல்லோரும் அவருக்கு வெறும் எண்கள். சண்டை போடவும் வராது. மாடிப்படி ஏறும்போது இருக்கிற கோபம் கடைசிப் படியில் கழன்று விழுந்துவிடும்.

அடுத்த கேள்வித்தாளைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு சிக்கலைக் கதை மாதிரிக் கொடுத்து ஆலோசனை கேட்பது சட்டப் படிப்பில் வழக்கம்தானே? எழுதினார்: "'அ' மேல்வீட்டிலும் 'ஆ' கீழ்வீட்டிலும் வசிக்கிறார்கள். 'அ'வின் குளியலறைத் தண்ணீர் 'ஆ'வின் அறையில் ஒழுகுகிறது. 'ஆ' என்ன செய்ய வேண்டும்? பத்து மதிப்பெண்."

நூற்றுப் பதினெட்டு பதில்கள் வந்தன. அதில் தொண்ணூறு பேர் ஒரே பதிலை, ஒரே எழுத்துப் பிழைகளோடு எழுதியிருந்தார்கள். ஒருவர் 'அ'வை நாடு கடத்தச் சொல்லியிருந்தார். இன்னொருவர் 'ஆ'வுக்குக் குடை சிபாரிசு செய்திருந்தார். நாற்பத்தொன்றாம் எண் மட்டும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது: "'ஆ' அவசரப்படக் கூடாது. வழக்குக்குச் சாட்சியம் முக்கியம். எதையும் தொடாமல், எந்த நேரத்தில் எத்தனை சொட்டு என்று இரண்டு வாரம் குறித்து வைக்க வேண்டும்."

"அடேயப்பா, என்ன மூளை!" என்று ஒன்பது மதிப்பெண் போட்டார்.

அன்றே சொட்டுகளை எண்ண ஆரம்பித்தார். விரிசலில் துணி அடைக்க வந்த மனைவியை, "சாட்சியத்தைக் கலைக்காதே," என்று விரட்டினார். பதிமூன்றாம் நாள் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, எண்ணிக்கை நோட்டின் மேலேயே விழுந்தது.

அடுத்த கேள்வித்தாள் போயிற்று: "'ஆ'வின் அறையில் இப்போது காரையும் விழுகிறது. இனி?"

நாற்பத்தொன்று தயங்கவே இல்லை. "நஷ்டத்தைக் குறைக்க வேண்டிய கடமை நஷ்டப்படுகிறவருக்கும் உண்டு. 'ஆ' முதலில் தன் பக்கத்தைப் பூச வேண்டும். அது வரை 'அ'விடம் போய் நிற்க அவருக்கு முகம் கிடையாது."

கொத்தனார் வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். "ஒழுகறத நிறுத்தாம கீழ பூசினா நிக்காது சார்."

"சட்டப்படி நான் பூசித்தான் ஆகணும்."

"ஒழுகற தண்ணிக்குச் சட்டம் தெரியுமா சார்?" என்றபடியே கொத்தனார் பழைய காரையை நாள் முழுக்கக் கொத்தித் தள்ளினார், பூசினார், போனார். நாலே நாளில் புதுப் பூச்சு மின்விசிறியையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கியது.

வாத்தியார் சோர்ந்துபோனார். ஆனாலும் மூன்றாவது கேள்வியை அனுப்பினார். இந்த முறை நாற்பத்தொன்று மூன்று பக்கம் எழுதியிருந்தது. "'ஆ' கொத்திய சத்தத்தில் 'அ'வின் நிம்மதி கெட்டிருக்கும். இப்போது வழக்குப் போட உரிமை 'அ'வுக்குத்தான். புத்தியுள்ள 'ஆ' உடனே மாடிக்குப் போய், எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்துவிடுவது நல்லது."

வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கே கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மேல்வீட்டு அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பரவால்ல சார், நான் எதையும் மனசுல வெச்சுக்கல," என்று கனிவாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒழுகறது நம்ம வீட்டுல," என்றாள் மனைவி, ஒவ்வொரு வார்த்தையாக. "மன்னிப்பு கேட்டது நீங்களா?"

"எழுத்துல."

அவள் திட்டவில்லை. ஈரக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நாலு நாள்ல வந்துடுவா. அந்தக் குழந்தையை நான் எங்க படுக்க வைப்பேன்?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வாத்தியாருக்கு. பேத்தியை அவர் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். தன் கையாலாகாத்தனத்தை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. இனிக் கேள்வித்தாளை நம்பிப் பயனில்லை. அந்த நாற்பத்தொன்றின் கையில் காலில் விழுந்தாவது வீட்டுக்குக் கூட்டி வந்து நேரில் காட்டிவிட வேண்டும். அப்படிப்பட்ட மூளை வந்து நின்றால் மேல்வீடு நடுங்காதா?

படிப்பு மையத்துக்குப் போன் போட்டார்.

"விலாசமா சார்? மாணவங்க விலாசத்தைக் குடுக்கக் கூடாதே," என்றார் குமாஸ்தா.

"அவசரம்பா. என் குடும்ப மானமே அதுல இருக்கு. நாப்பத்தொண்ணு. அவ்ளோ தெளிவா யோசிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல."

"நாப்பத்தொண்ணா?" குமாஸ்தா சிரித்தார். "அவங்க விலாசம் எதுக்கு சார், மாடி ஏறினா போதுமே; 'கீழ்வீட்டு சார் கேள்வி கேட்டா அப்படியே நேர்ல நடக்கற மாதிரி இருக்கு'ன்னு அந்தம்மா இங்க பதில் குடுக்க வர்ற ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."